மூன்று ஆமாமும் ஒரு குதிகாலும்

போன வாரம், பேசும் கருவி தருகிற மையத்திலிருந்து கடிதம் வந்த இடத்தில் கதையை விட்டேன். அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டில் எத்தனை தடவை படித்தோம் என்று கேட்டால் நான் நானூறு என்பேன், தம்பி மனைவி நாலு என்பாள். இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் சாரம் இதுதான். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜட்ஜம்மாவைத் தேர்வுக்கு அழைத்து வர வேண்டும். தேறினால், திரையில் கண்ணால் பார்த்த எழுத்தையெல்லாம் கோத்து வாய்விட்டுப் பேசுகிற கருவி அன்றைக்கே வீட்டுக்கு வரும். தேறாவிட்டால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. கடைசியில் ஒரு வரி: குடும்பத்தில் ஒருவர் மட்டும் உடன் வரலாம்.

ஜட்ஜம்மா என் தம்பி மகள். வயது பத்தொன்பது. பிறக்கிற சமயத்தில் மூளைக்குச் சற்று நேரம் காற்றுப் போகவில்லை. அதனால் கை, கழுத்து, நாக்கு மூன்றும் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காதும் புத்தியும் மட்டும் கத்தி. நாம் பேசி முடித்ததும் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒரு பார்வை பார்ப்பாள். அதுதான் தீர்ப்பு, அப்பீல் கிடையாது. பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

தம்பி கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். தரைக்கு வர இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. வீட்டில் மிச்சம் இருக்கிற ஆள் நான். முப்பத்தொரு வருடம் டிரைவிங் லைசென்ஸ் டெஸ்ட் நடத்தி ஓய்வு பெற்றவன். நான் பேனா மூடியைத் திறந்தால் லாரி டிரைவர்களே கியரை மறந்துவிடுவார்கள். ஒருத்தர் பயத்தில் வண்டியை ரிவர்ஸ் எடுத்தவர், வீடு வரைக்கும் ரிவர்ஸிலேயே போய்விட்டார் என்று கேள்வி.

அப்பேர்ப்பட்டவன், நம் வீட்டுப் பெண்ணுக்குத் தேர்வு என்றால் வாசலிலா நிற்பேன்?

ஒருவர்தான் வரலாம் என்று போட்டிருக்கிறதே, நீங்கள் வீட்டில் இருங்கள் என்று தம்பி மனைவி மூன்று தடவை சொன்னாள். நான் சட்டைப் பையில் ஒரு திருப்புளியைச் செருகிக்கொண்டேன். குடும்பத்து ஆளாக வரவில்லை, நாற்காலி மெக்கானிக்காக வருகிறேன் என்றேன்.  அவள் பைக்குள் தண்ணீர் பாட்டில், துண்டு, மாற்று உடை, மூன்று நோட்டுகள் என்று எடுத்து வைப்பதும், எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி எண்ணுவதுமாக இருந்தாள்.

அந்த மூன்று நோட்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நீல நோட்டு பேச்சு டீச்சருடையது. வாயால் பேச முடியாதவர்களுக்கு வேறு வழியில் பேசக் கற்றுக்கொடுப்பவர், செவ்வாய் தோறும் வருவார். சிவப்பு நோட்டு பிசியோவுடையது. கழுத்து, முதுகு, நாற்காலியில் உட்காருகிற விதம் எல்லாம் அவர் இலாகா, வியாழன் தோறும் வருவார். பழுப்பு நோட்டு அவள் போகிற பள்ளியின் வகுப்பு டீச்சருடையது. மூன்று பேரும் கெட்டிக்காரர்கள். மூன்று பேரும் வந்த நாளில் அவரவர் நோட்டில் எழுதி, தம்பி மனைவி கையில் கொடுப்பார்கள். அவள் பத்திரமாகப் பையில் போட்டு அடுத்த வாரம் அதே ஆளிடம் நீட்டுவாள். ஆறு வருடமாக இந்த ஏற்பாடு கடிகாரம் மாதிரி நடந்தது.

வேனில் போகும்போது ஜட்ஜம்மாவின் முகம் இறுகிப்போயிருந்தது. சரி என்று, நான் டெஸ்ட் எடுத்த பஸ் ஒன்று பாலத்தில் பாதி தூரம் முன்சக்கரம் இல்லாமலே போன கதையை எடுத்துவிட்டேன். அவள் அம்மா ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தாள். ஜட்ஜம்மா குதிகாலால் கால்பலகையில் ஒரு தட்டுத் தட்டினாள். டொக்.

என் கதைகளுக்கு எப்போதும் கிடைக்கும் மரியாதை அது. கை வராததால் குதிகாலால் கைதட்டுகிறாள் என்று பதினோரு வருடமாகப் பூரித்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டடத்து வாசலில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். மூவரையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அவர்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. கல்யாண வீட்டில் இரண்டு பக்கத்து உறவுக்காரர்கள் மாதிரி தலையாட்டிக்கொண்டார்கள். பிசியோ மட்டும் உடனே மண்டியிட்டு, புதுப் பட்டை ஒன்றை எடுத்து அவள் இரண்டு பாதங்களையும் கால்பலகையோடு சேர்த்துக் கட்டினார். இன்றைக்கு ஆடாமல் அசையாமல் நேராக உட்கார வேண்டும் என்றார். ஜட்ஜம்மா அவரைப் பார்த்து ஒரு தீர்ப்பு வழங்கினாள். அதை அவர் படிக்கவில்லை. நானும்தான்.

தேர்வு அறை முதல் மாடியில். வெள்ளை மேசை, கண்ணாடிக் கதவு, வினாடிக்கு ஒரு தரம் சத்தம் போடுகிற சுவர்க் கடிகாரம். தேர்வு நடத்தும் அம்மாளுக்கு என் வயதில் முக்கால் இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து யார் என்று கேட்டார். நாற்காலி மெக்கானிக் என்றேன். திருப்புளியைப் பார்த்தார், என் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எதையோ எழுதிக்கொண்டார். அவர் பேனா பிடித்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இவர் நம் ஜாதி, பெயில் போடத் தயங்காத ஜாதி.

பத்துக் கேள்வி, எல்லாம் ஆமாம் இல்லை கேள்விதான். கருவி கொடுப்பதற்கு முன், கேட்டதைப் புரிந்துகொண்டு சீராகப் பதில் சொல்கிறாளா என்று பார்ப்பார்களாம். ஆமாம் என்பதை எப்படிச் சொல்வாள் என்று அம்மாள் கேட்டார். பேச்சு டீச்சர் முந்திக்கொண்டு, மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்றார்.

ஒரு கரண்டியைக் காட்டி இது சாவியா என்றார் அம்மாள். ஜட்ஜம்மா கீழே பார்த்தாள். இந்த அறையில் ஜன்னல் உண்டா? மேலே பார்த்தாள். உன் அம்மா இங்கே இருக்கிறார்களா? இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று கூரையைத் துளைக்கிற மாதிரி மேலே பார்த்தாள். மூன்றும் சரி.

அங்கேதான் வந்தது வினை. அப்படி அண்ணாந்து பார்த்ததில் தலை பின்னால் போய், உடம்பு வில்லாக விறைத்துக்கொண்டது. பிசியோ ஒரே தாவலில் வந்து கழுத்தைத் தாங்கி நிமிர்த்தினார். அப்படியே அவள் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்திலேயே கண்ணாகப் பிடித்துக்கொண்டார். தேர்வு தொடர்ந்தது.

நாலாவது கேள்விக்கு ஜட்ஜம்மா மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தாள். ஐந்து, ஆறுக்கும் அதேதான். அம்மாள் பத்து வினாடி காத்திருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு எனக்குத் தெரியும். வாழ்நாளில் அதுபோல் லட்சம் கோடு போட்டிருக்கிறேன்.

வகுப்பு டீச்சருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை தடுமாறுகிறதே என்று பிசியோவை நகரச் சொல்லிவிட்டு, நாற்காலியில் மாட்டுகிற மேசைப்பலகையைக் கொண்டு வந்து மாட்டிவிட்டு எதிரே போய் நின்றார். பலகையின் இடது மூலையில் பச்சை அட்டை, வலது மூலையில் சிவப்பு அட்டை. மிச்ச நாலு கேள்விக்கு ஜட்ஜம்மா இடது, இடது, வலது, இடது என்று பார்த்தாள். வகுப்பு டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் கையமர்த்திவிட்டு, அம்மாள் நாலு கோடு போட்டுப் பேனாவை மூடினார்.

"பத்துல மூணு. மத்ததெல்லாம் சீரா இல்ல. ஆறு மாசம் பயிற்சி கொடுத்துக் கூட்டிட்டு வாங்க."

ஜட்ஜம்மா யாரையும் பார்க்கவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இதில் ஒரு விஷயம் இடித்தது. தேர்வு நடந்த நேரம் முழுக்கத் தம்பி மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, உதடு அசையாமல் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஆமாம், இல்லை, ஆமாம் என்று பதில்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்துக் கேள்விக்கும் சொன்னாள். பத்தும் சரியான பதில்.

அவள் முழங்கையில் இடித்தேன். வீட்டில் பாத்திரம் கீழே விழுந்தால்கூடக் குரலை உயர்த்தாதவள் எழுந்து நின்றாள்.

"பத்தும் சரியாத்தான் சொன்னா, மேடம்."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"மேல பார்த்தது பேச்சு டீச்சர் ஆமாம். அப்புறம் பிசியோ சார் பக்கத்துல வந்தாரு, அதனால வலப்பக்கம் பார்த்தா. அது சார் ஆமாம். அப்புறம் கிளாஸ் டீச்சர் எதிர்ல வந்தாங்க, அவங்களுக்கு இடப்பக்கம் இருக்கிற பச்சைதான் ஆமாம். யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க பாஷையில பதில் சொல்றா. அது மரியாதைதானே, மேடம்?"



பேச்சு டீச்சர் மெல்லத் திரும்பி, வலது பக்கமா வைத்திருக்கிறீர்கள் என்று பிசியோவைக் கேட்டார். மேலேயா பார்க்க வைக்கிறீர்கள், அந்தக் கழுத்து என்னத்துக்கு ஆகும் என்றார் பிசியோ. வகுப்பு டீச்சர் தன் சிவப்பு அட்டையைப் பார்த்தார். அது அவளுக்கு வலது பக்கத்தில் இருந்தது. வியாழக்கிழமை ஆமாம், மறுநாள் வகுப்பில் இல்லை ஆகியிருக்கிறது. இதை இத்தனை வருடம் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று மூன்று பேரும் ஒரே குரலில் தம்பி மனைவியைக் கேட்டார்கள்.

"நீங்கல்லாம் படிச்சவங்க. உங்களுக்குள்ள பேசி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு வரிக்கு மூன்று பட்டதாரிகள் ஆளுக்கு இரண்டு அங்குலம் குள்ளமானார்கள்.

எனக்கு ஒரு பையன் நினைவு வந்தது. மாமனார், மச்சான், டிரைவிங் ஸ்கூல் என்று மூன்று பேரிடம் கார் ஓட்டக் கற்றவன். முனை திரும்பச் சொன்னேன், மூன்று பேர் சொல்லிக்கொடுத்ததையும் ஒரே சமயத்தில் செய்து நடுரோட்டில் நின்றான். சிரித்துக்கொண்டே பெயில் போட்டேன். எங்கேயிருக்கிறானோ, என்னை மன்னிக்கட்டும்.

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா சொல்வதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை என்றார். ஆனால் பன்னிரண்டு மணி வரை இந்த அறை உங்களுடையதுதான், அதற்குள் அந்நியர் யார் பார்த்தாலும் புரிகிற மாதிரி ஒரே ஒரு ஆமாம் கொண்டுவந்தால் புதிதாகப் பத்துக் கேள்வி கேட்கிறேன் என்றார். அப்போது மணி பதினொன்று இருபத்தைந்து.

மூன்று நோட்டுகளும் பையிலிருந்து மேசைக்கு வந்தன. ஆறு வருடத்தில் முதல் தடவையாக நீல நோட்டைப் பிசியோ படித்தார், சிவப்பு நோட்டை வகுப்பு டீச்சர் படித்தார், பழுப்பு நோட்டைப் பேச்சு டீச்சர் படித்தார். படித்து முடித்ததும் மூன்று பேரும் முப்பது பேர் மாதிரி பேச ஆரம்பித்தார்கள். மேலே பார்ப்பது கூடவே கூடாது என்றார் பிசியோ. பக்கவாட்டுப் பார்வையைப் பதிலா வேடிக்கையா என்று அந்நியர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்றார் பேச்சு டீச்சர். கண்ணை மட்டும் நம்பினால் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நான் எட்டடி தள்ளி நிற்கிறேன், எனக்கு எப்படித் தெரியும் என்றார் வகுப்பு டீச்சர். யார் சொன்னதும் தப்பில்லை. அதுதான் சிக்கல். மணி பதினொன்று நாற்பது.

அம்மாள் வேறு ஏதோ பைலைப் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"இன்னும் அவகிட்ட யாரும் கேக்கல."

மூன்று பேரும் நோட்டை மூடினார்கள். நான் வாயை மூடினேன். அது உலக சாதனை.

பேச்சு டீச்சர் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, என் முறையை வைத்துக்கொள்வோமா என்று கேட்டார். ஜட்ஜம்மா கீழே பார்த்தாள். அவர் பாஷையில் இல்லை. பிசியோ கேட்டார். அவள் இடது பக்கம் பார்த்தாள். அவர் பாஷையில் இல்லை. வகுப்பு டீச்சர் கேட்டார். சிவப்பு அட்டை. மூன்று பேருக்கும் அவரவர் மொழியிலேயே பைசல் பண்ணிவிட்டு, கண்ணைத் தாழ்த்தி ஓர் இடத்திலேயே வைத்திருந்தாள்.

"காலைப் பார்க்கிறா," என்றாள் அவள் அம்மா. "சார், அந்தப் பட்டைய அவுத்துவிடுங்க."

பிசியோ கட்டியதை அவரே அவிழ்த்தார்.

டொக்.

அந்தச் சத்தம் அறை மூலை வரைக்கும் கேட்டது. நான் பெருமையாக, அது என் கதைக்கு அவள் தட்டுகிற கைதட்டல் என்று எல்லாருக்கும் விளக்கினேன்.

தம்பி மனைவி தயங்கினாள். "கைதட்டல் இல்ல, மாமா. நீங்க கதை சொல்லும்போது, 'இது புளுகுதானே'ன்னு நான் கண்ணால கேப்பேன். அவ ஆமாம்னு தட்டுவா."

பதினோரு வருடப் பூரிப்பு பஞ்சர் ஆன சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும்.

"அப்ப இதையே முதல்ல சொல்லியிருக்கலாமே?" என்றார் பேச்சு டீச்சர்.

"அது வீட்டு ஆமாம், டீச்சர். வெளியில செல்லாதுன்னு நெனச்சேன்."

பிசியோ அதற்குள் தரையில் படுக்காத குறையாகக் குனிந்து அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தட்டச் சொன்னார், மறுபடி, மறுபடி. கழுத்து அசையவில்லை, முதுகு விறைக்கவில்லை. அவள் உடம்பிலேயே சொன்ன பேச்சைக் கேட்கிற இடம் இதுதான், இதைப் போய் நான் கட்டிவைத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். எட்டடி என்ன, எண்பதடிக்கும் கேட்கும் என்றார் வகுப்பு டீச்சர். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை, அந்நியருக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்றார் பேச்சு டீச்சர். மூன்று பேனாக்கள், ஒரே நோட்டு. அதுவும் நீலமா சிவப்பா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை, கைக்கு அகப்பட்டதில் எழுதினார்கள்.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அம்மாள் பேனாவைத் திறந்தார். புதுத் தாள், புதுக் கேள்விகள். மழை கீழிருந்து மேலே பெய்யுமா? டொக் டொக். உனக்கு வயது பத்தொன்பதா? டொக். ஒன்பது கேள்விக்கு ஒன்பது பதில், கேள்வி முடிந்து ஒரு மூச்சு விடுவதற்குள். பிசியோ நகர்ந்தார், டீச்சர்கள் இடம் மாறி நின்றார்கள். யார் பக்கத்தில் நின்றாலும் பதில் மாறவில்லை.

பத்தாவது கேள்விக்கு அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதோ நிக்கிறாரே, இவர் மெக்கானிக்கா?"

சட்டைப் பையில் திருப்புளியை இன்னும் கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி இழுத்துவிட்டேன். ஜட்ஜம்மா என்னைப் பார்த்தாள். தூக்கி வளர்த்தவன், கதை சொன்னவன், அவளுக்காகத் திருப்புளி செருகியவன். நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

டொக் டொக்.

"பத்துக்குப் பத்து," என்றார் அம்மாள். என் பக்கம் திரும்பி, "உக்காருங்க மெக்கானிக், நின்னது போதும்" என்றார்.

தம்பி மனைவி மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எடுக்கவே இல்லை.

கருவியை மாட்டுகிற வேலையில் மூன்று பேரும் போட்ட சத்தம் ஒரு தொழிற்சாலைக்குக் காணும். பிசியோ குதிகாலுக்குக் கீழே ஒரு பொத்தானைப் பொருத்தினார். பேச்சு டீச்சர் திரையில் எழுத்துகளை அடுக்கினார். எந்த வார்த்தைகளை அவள் வேகமாகப் படிப்பாள் என்று வகுப்பு டீச்சர் சொல்லச் சொல்ல, அவையும் ஏறின. கண் ஓர் எழுத்தில் நிற்க வேண்டும், குதிகால் தட்ட வேண்டும், எழுத்து விழும். என் உதவியாக, திருப்புளியைக் கடன் கொடுத்தேன். உண்மையிலேயே ஒரு திருகாணிக்கு அது தேவைப்பட்டது.

முதல் வார்த்தைக்கு நாலு நிமிடம் ஆனது.  லிஃப்ட்டில் மாடி எண் சொல்கிற குரலில் கருவி சொன்னது:

"பெரியப்பா."

அறையை ஒரு சுற்று பார்த்தேன். எல்லாரும் கேட்டார்களா என்று நிச்சயப்படுத்திக்கொண்டேன். அவள் வாழ்க்கையில் பேசிய முதல் வார்த்தை நான். கப்பலில் இருக்கிற தம்பியிடம் இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசிப்பதற்குள் குதிகால் மறுபடி தட்ட ஆரம்பித்தது. இரண்டாவது வார்த்தை விழுந்தது. மூன்றாவது விழுந்தது. கருவி மூன்றையும் சேர்த்து, தெளிவாக, தயவு தாட்சண்யம் இல்லாமல் வாசித்தது:

"பெரியப்பா வெளியே போகணும்."

அப்பீல் கிடையாது என்று முன்னமே சொன்னேன் அல்லவா. போனேன்.

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பார்த்தேன். பத்தொன்பது வருடமாக அவள் சொன்ன எதுவும் முதலில் யாராவது ஊகித்துக் கேட்டதுதான். கேட்கத் தோன்றாத எதையும் அவளால் சொல்ல முடிந்ததில்லை. எங்கள் வீட்டில் அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

உள்ளே அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நீளமான வாக்கியம். தம்பி மனைவி திரையின் பக்கம் குனிந்தாள், படித்தாள். தோளிலிருந்து பை நழுவிக் கீழே விழுந்தது, அவள் கவனிக்கவில்லை. மகளைப் பார்த்தாள். பிறகு கதவு வழியாக என்னைப் பார்த்தாள். அழுகிற முகமும் இல்லை, சிரிக்கிற முகமும் இல்லை. முப்பத்தொரு வருடம் முகம் பார்த்துப் பிழைத்தவன், அந்த முகத்தை எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

நேராக வந்தாள். கதவைத் திறப்பாள் என்று நகர்ந்து நின்றேன். கண்ணாடியின் மேல் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

ஐந்து நிமிடம் பொறுத்தேன். சரி, மூன்று நிமிடம். பிறகு கதவில் விரலால் தட்டி, பெரியப்பா உள்ளே வரலாமா என்று மரியாதையாகக் கேட்டேன்.

பதில் உடனே வந்தது. எண்பதடிக்குக் கேட்டிருக்கும்.

டொக் டொக்.